பார்க்க வாங்கிய பெட்டி ஏன் இரவெல்லாம் அனுப்புகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டி.வி.யை இணையத்தோடு இணைக்கும் சிறு பெட்டியான டி.வி. பாக்ஸில் இணையம் பார்ப்பது பாதுகாப்பானதா என்று வாசகர் ஒருவர் கேட்ட கேள்விக்குச் சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழில் பதில் வந்திருந்தது. நம் இணைப்பை வேறோர் இடத்துச் சர்வர் வழியாகச் சுற்றிக் கொண்டுபோகும் வி.பி.என். செயலிகளில், இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைப் போட்டுக்கொண்டால் கவலை இல்லை என்று இரண்டே வரியில் பதில் முடிந்துவிட்டது. அந்த இரண்டு வரியைச் சென்ற ஆண்டு நானும் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் எங்கள் குடியிருப்பில் இரண்டு வீட்டாருக்கும் சொன்னேன். அதனால்தான் இந்தக் கடிதம் சற்று நீள்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் 1986-இல் தொலைபேசித் துறையில் சேர்ந்து, நகரின் பல எக்ஸ்சேஞ்சுகளில் பழுது பார்த்து, 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் வீட்டுக்கு வந்தவன். பெரம்பூரில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட பழைய அடுக்ககத்தில் இரண்டாம் மாடியில் நானும் என் மனைவியும் இருக்கிறோம். மகள் குடும்பத்தோடு சிங்கப்பூரில் இருக்கிறாள்.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் 9 அந்த நாட்டின் 60-ஆவது தேசிய நாள். அதையொட்டித் தமிழ் நிகழ்ச்சி ஒன்றில் ஏழு வயதுப் பேத்தி ஆடுகிறாள், அது இணையத்திலும் வரும் என்று மகள் சொன்னாள். முன்னோட்டத்தை இங்கே திறந்து பார்த்தால், உங்கள் நாட்டில் இது கிடைக்காது என்று ஒரு வரி வந்து நின்றது. ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியாக விற்கப்படுகிறது. எந்த நாட்டிலிருந்து கேட்கிறோம் என்பதை நம் இணைப்புக்கு இணையத்தில் உள்ள அடையாள எண்ணான ஐ.பி. முகவரியை வைத்துக் கண்டுகொள்கிறார்கள். இது அவர்கள் உரிமை. ஆனால் பேத்தியின் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒருத்தி வீட்டில் காத்திருக்கும்போது அந்த நியாயம் மனத்தில் நிற்பதில்லை.

ஆடித் தள்ளுபடி நாட்களில் ரிச்சி தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவில் நேர்மையான கடைகள் ஏராளம். நாற்பது ஆண்டுகளாக எனக்குத் தெரிந்த தெரு அது. நான் நுழைந்த கடையில், பெயர் கேள்விப்படாத ஆண்ட்ராய்டு பாக்ஸ் ஒன்றை 2,400 ரூபாய்க்கு எடுத்துக் கொடுத்தார்கள். “வி.பி.என். உள்ளேயே இருக்கிறது சார். எந்த நாடு வேண்டுமோ அந்தக் கொடியை அழுத்துங்கள். இணையதளங்களைத் திறக்கும் உலாவியும் போட்டிருக்கிறோம். யாரும் உங்களைப் பார்க்க முடியாது, பேங்க் வேலைகூடச் செய்யலாம்” என்றார் கடைக்காரர். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதித் தந்தார். ஆபத்தான செயலிகளைக் கண்டுபிடிக்கும் கூகுளின் காவல் வசதியான பிளே புரொடெக்டிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தால் அதை அணைத்துவிடுங்கள் என்பதையும் தானாகவே சொன்னார். அந்த இடத்திலேயே நான் திரும்பி வந்திருக்க வேண்டும்.

ஆகஸ்டில் சிங்கப்பூர்க் கொடியை அழுத்தினோம். நிமிடத்துக்கு ஒருமுறை படம் உறைந்தது. மூன்றாவது வரிசையில் இடது ஓரத்தில் நின்ற குழந்தையின் பாதி ஆட்டத்தைப் பார்த்தோம்; மீதி நேரம் சுழலும் வட்டத்தைப் பார்த்தோம். என் மனைவி அதற்கே மகிழ்ந்து போனாள். அந்த மகிழ்ச்சியில்தான் மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையிடமும், தரைத்தளத்தில் குடியிருக்கும் தம்பியிடமும் இந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். இருவரும் அதே கடையில் அதே பெட்டியை வாங்கினார்கள்.

மார்கழி பிறந்தது. மனைவி கோலம் போட நாலரை மணிக்கு எழுந்துவிடுவாள். நான் வெந்நீர் வைக்க எழுவேன். எங்கள் மோடம் வாசல் கதவுக்குப் பக்கத்தில், செருப்பு அலமாரியின் மேல் இருக்கிறது. டி.வி. அணைந்திருக்கிறது, போன்கள் சார்ஜில் கிடக்கின்றன, ஆனால் மோடத்தின் பச்சை விளக்கு மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. ஏதாவது அப்டேட்டாக இருக்கும் என்று முதல் நாள் விட்டுவிட்டேன். மறுநாளும் அப்படியே. இரவு ஒரு மணிக்கு எழுந்து பார்த்தேன், இரண்டரைக்குப் பார்த்தேன். யாருமே பேசாத வீட்டில் லைன் பிஸியாக இருக்கிறது.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. மனைவி போனில் திருப்பாவைக்கு உரை தேடினால், நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள், சிக்னல் விளக்குள்ள கட்டங்களைத் தொடுங்கள், பேருந்துள்ள கட்டங்களைத் தொடுங்கள் என்று கூகுள் திரும்பத் திரும்பக் கேட்டது. கண் சரியாகத் தெரியாதவள் அரை மணி நேரம் பேருந்து தேடினாள். வைஃபையை அணைத்துவிட்டு சிம் டேட்டாவில் தேடினால் ஒரு கேள்வியும் வரவில்லை.

அப்போதுதான் எனக்குள் இருந்த பழைய பழுதுபார்ப்பவன் விழித்தான். எங்கள் தொழிலில் முதல் பாடம், பழுது எக்ஸ்சேஞ்ச் பக்கமா, சந்தாதாரர் பக்கமா என்று லைனை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது. போன் நன்றாக இருக்கிறது, சிம் நன்றாக இருக்கிறது. ஆகவே கோளாறு எங்கள் வீட்டு இணைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு கருவியாகக் கழற்றினேன். போன்களை அணைத்தேன், டி.வி.யின் பிளக்கைப் பிடுங்கினேன், வாசல் கேமராவை நிறுத்தினேன். விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது. கடைசியாக அந்தக் கறுப்புப் பெட்டியின் அடாப்டரை உருவினேன். பச்சை விளக்கு அடங்கியது.

இணைய நிறுவனத்தின் செயலியில் மாதக் கணக்கைப் பார்த்தேன். பெற்றது 190 ஜி.பி., அனுப்பியது 240 ஜி.பி. பெட்டியின் வேலை படத்தை வாங்கிக் காட்டுவது. இரண்டு முதியவர்கள் இருக்கும் வீட்டிலிருந்து 240 ஜி.பி. எங்கே போகிறது?

என்னோடு வேலை பார்த்த நண்பரின் மகன் தரமணியில் கணினி வலையமைப்புத் துறையில் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, மோடத்தின் அமைப்புகள் பக்கத்தைக் கணினியில் திறந்து, அந்தப் பெட்டி பேசும் முகவரிகளைக் காட்டினான். நாங்கள் ஒருநாளும் கேள்விப்படாத இடங்களோடு அது நாள் முழுவதும் பேசிக்கொண்டிருந்தது. “அங்கிள், உங்கள் ஐ.பி. முகவரியை யாரோ வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்” என்றான். ஒரு இடத்தில் கள்ளக் கணக்குத் தொடங்க வேண்டும், இன்னொரு இடத்தில் திருடிய கடவுச்சொற்களைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவனுக்கு நம்பகமான வீட்டு முகவரி வேண்டும். அவன் செய்வதெல்லாம் பெரம்பூரில் ஒரு வீட்டிலிருந்து நடப்பதாக வெளியே தெரியும். மனைவியை மனிதர்தானா என்று கூகுள் சந்தேகித்ததற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றான். அந்தச் சந்தேகம் நாளைக்குக் காவல் நிலையத்துக்குப் போயிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

இது எங்கள் வீட்டு அதிசயம் அல்ல என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். விலை மலிவான ஆண்ட்ராய்டு பெட்டிகளைப் பிடிக்கும் ‘பேட்பாக்ஸ்’ என்ற நச்சு நிரலை 2023-இலேயே ஆய்வாளர்கள் விவரித்திருக்கிறார்கள். பல பெட்டிகளில் அது வாங்குபவர் கைக்கு வருவதற்கு முன்பே ஏற்றப்பட்டிருந்தது. 2024 டிசம்பரில் ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அமைப்பு இப்படிப்பட்ட சுமார் 30,000 கருவிகளுக்கும் அவற்றை மறைந்திருந்து இயக்கியவர்களுக்கும் இருந்த தொடர்பைத் துண்டித்தது. 2024 செப்டம்பரில் ‘வாய்டு’ என்ற மற்றொன்று 197 நாடுகளில் ஏறத்தாழ 13 லட்சம் டி.வி. பெட்டிகளில் இருப்பதாக கணினிப் பாதுகாப்பு நிறுவனமான டாக்டர் வெப் சொன்னது. 2025 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. பொதுமக்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. பெயர் தெரியாத பிராண்டு, பிளே புரொடெக்டை அணைக்கச் சொல்வது, காசில்லாமல் எல்லாம் பார்க்கலாம் என்று விற்பது, காரணம் புரியாத இணையப் போக்குவரத்து ஆகியவற்றை அதில் அடையாளங்களாகக் குறிப்பிட்டிருந்தார்கள். நான் ரிச்சி தெருவுக்குப் போனது அதற்குச் சில வாரங்கள் கழித்து. அந்த எச்சரிக்கை தமிழில் நாலு வரி என் கண்ணில் பட்டிருந்தால் போதும்.

வி.பி.என். பற்றித் தங்கள் பதிலில் விடுபட்டதைச் சொல்ல வேண்டும். டிரங்க் கால் காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். அப்போது வெளியூருக்குப் பேசினால் நடுவில் ஆபரேட்டர் இருப்பார். அவர் நினைத்தால் கேட்கலாம்; யார் யாரோடு எத்தனை நிமிடம் பேசினார்கள் என்பது அவர் சீட்டில் இருக்கும். இன்று அந்த இடத்தில் இருப்பது நமக்கு இணைப்புத் தரும் நிறுவனம். வி.பி.என். என்ன செய்கிறது? நம் பெட்டியிலிருந்து தன் சர்வர் வரை செய்தியை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து கொண்டுபோகிறது. இணைப்பு நிறுவனத்துக்கு நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது தெரியாது. உண்மைதான். ஆனால் அந்தச் சீட்டு இப்போது வி.பி.என். நடத்துபவர் மேசையில் இருக்கிறது. ஆபரேட்டர் ஒழியவில்லை, மாறியிருக்கிறார். முதலாமவருக்குச் சென்னையில் அலுவலகம் உண்டு, உரிமம் உண்டு, புகார் செய்ய இடம் உண்டு. இலவச வி.பி.என். நடத்தும் இரண்டாமவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதே நமக்குத் தெரியாது.

சர்வருக்கும் லைனுக்கும் காசு வேண்டும். நாம் தரவில்லை என்றால் வேறு யாரிடமிருந்தோ அது வருகிறது. 2015-இல் ‘ஹோலா’ என்ற இலவச வி.பி.என். தன் பயனர்களின் இணைப்பையே வேறு வாடிக்கையாளர்களுக்கு விற்றது வெளியே தெரிந்தது. பிறர் வீட்டு இணைப்புகளைத் திருட்டுத்தனமாக வாடகைக்கு விட்ட ‘911 எஸ்5’ என்ற வலையை 2024 மே மாதத்தில் அமெரிக்க அரசு முடக்கியபோது, அதில் சிக்கியிருந்தவை 1.9 கோடிக்கும் மேற்பட்ட ஐ.பி. முகவரிகள், அவற்றில் பல இலவச வி.பி.என். செயலிகள் வழியாகப் பிடிக்கப்பட்டவை. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ஆய்வாளர்களும் பிறரும் 283 ஆண்ட்ராய்டு வி.பி.என். செயலிகளைச் சோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 38 விழுக்காட்டில் நச்சு நிரலின் அடையாளம் இருந்தது; 18 விழுக்காடு குறியாக்கமே செய்யவில்லை. பெயரளவுக்குக்கூட அவை வி.பி.என். அல்ல. எங்கள் வீட்டில் குற்றவாளி பெட்டியா, அதில் வந்த வி.பி.என். செயலியா என்று நண்பர் மகனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே கையால் விற்கப்பட்டவை.

காசு கொடுத்து, பெயர் தெரிந்த நிறுவனத்திடம் வி.பி.என். வாங்குபவர்களை நான் குறை சொல்லவில்லை. ரயில் நிலையத்திலும் ஓட்டலிலும் பொது வைஃபையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு அது தேவை. ஆனால் பெட்டிக்குள்ளேயே திருடன் உட்கார்ந்திருந்தால் வாசலுக்குப் பூட்டுப் போட்டு என்ன பயன்? வி.பி.என். வழியைத்தான் மறைக்கும், பெட்டியைச் சுத்தம் செய்யாது.

உலாவியைப் பற்றி எனக்கு இன்னும் கவலை அதிகம், ஏனென்றால் அதில் நாங்கள் தப்பித்தது மயிரிழையில். டி.வி.யில் உலாவி என்பது இன்றும் அரைகுறைக் குழந்தைதான். ஆப்பிள் டி.வி.யில் உலாவியே கிடையாது. அமேசான் ஃபயர் டி.வி.யில் அதன் சொந்த ‘சில்க்’ இருக்கிறது, ஃபயர் டி.வி.க்கென இருந்த ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை அதை உருவாக்கிய மொசில்லா 2021-இல் நிறுத்திவிட்டது. எங்கள் பெட்டியில் இருந்த உலாவி யாருடையது என்பது அதன் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. ரிமோட்டின் அம்புக்குறியை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தித் தட்டச்சு செய்ய வேண்டும். மகள் அனுப்பிய படங்களைப் பெரிய திரையில் பார்க்க ஆசைப்பட்டு என் மனைவி தன் மின்னஞ்சல் கடவுச்சொல்லை 43 அங்குலத் திரையில் எழுத்தெழுத்தாக ஏற்றினாள். கூடத்தில் பூக்காரம்மா நின்றிருந்தார், பக்கத்து வீட்டுப் பையன் உட்கார்ந்திருந்தான். அவர்கள் நல்லவர்கள். பெட்டி நல்லதா? அந்தக் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. நான்கு மாதம் அது திறந்தே கிடந்தது.

படம் முழுத்திரையில் வந்துவிட்டால் முகவரிப் பட்டை மறைந்துவிடும். எந்தத் தளத்தில் இருக்கிறோம் என்று பார்க்கச் சொல்லித்தான் எல்லா எச்சரிக்கைகளும் சொல்கின்றன. பார்க்கவே இடமில்லாத திரையில் அதை எப்படிச் செய்வது? மின்கட்டணம் கட்டவில்லை, இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்று போனில் வரும் போலிச் செய்தி நம் ஊரில் பலருக்கும் பழக்கம். அப்படி ஒரு பக்கம் டி.வி.யில் திறந்தால் உண்மையான பக்கத்திலிருந்து அதைப் பிரித்தறிய என்னாலேயே முடியாது. கடைக்காரர் சொன்னதை நம்பி ஓய்வூதியக் கணக்கை அதில் திறக்க ஒருநாள் உட்கார்ந்தேன். ஓ.டி.பி. வரத் தாமதமானதால் எழுந்துவிட்டேன். அவ்வளவுதான் இடைவெளி.

நண்பர் மகன் சென்ற அன்றே எல்லாக் கடவுச்சொற்களையும் வேறு கருவியிலிருந்து மாற்றினோம், மோடத்தை மீட்டமைத்து அதன் கடவுச்சொல்லையும் மாற்றினோம். பணம் எதுவும் போகவில்லை. போயிருந்தால் உடனே இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அரசு என்ன செய்தது என்று பார்த்தால், 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான ‘செர்ட்-இன்’ ஓர் ஆணை பிறப்பித்தது. வி.பி.என். நடத்துபவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி போன்றவற்றை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. அதை ஏற்க மறுத்து எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்டு வி.பி.என். முதலியவை இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துக்கொண்டு போயின. அந்த ஆணை சரியா தவறா என்று பெரியவர்கள் வாதிடட்டும். எனக்குத் தெரிவது இதுதான்: அலுவலகமும் பெயர்ப்பலகையும் உள்ளவர்களைத்தான் அது தொட்டது. 2,400 ரூபாய்ப் பெட்டிக்குள் ஒளிந்து வரும் பெயரில்லாத செயலியின் நகம்கூட அதில் சிக்கவில்லை. செட்டாப் பெட்டிகள் இந்தியத் தர நிர்ணய அமைப்பில் கட்டாயம் பதிவு பெற வேண்டும் என்ற விதி 2012-ஆம் ஆண்டு ஆணையிலிருந்தே இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவு பார்ப்பது ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா என்பதை. அதுவும் வேண்டியதுதான். என் பெட்டியில் அடாப்டர் சுடவே இல்லை. நன்றாக வேலை செய்தது. இரவெல்லாம் வேலை செய்தது.

பாலிலும் எண்ணெயிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடச் சொல்கிறோம். வீட்டுக் கூடத்தில் வைத்து, குடும்பத்தின் இணைப்பையே ஒப்படைக்கும் பெட்டியின் அட்டையில், எந்தெந்தச் செயலி ஏற்றப்பட்டிருக்கிறது, அதை யார் செய்தார், எந்த ஆண்டு வரை பாதுகாப்பு அப்டேட் வரும், கூகுளின் சான்று உண்டா என்பதைத் தமிழிலும் அச்சிடச் செய்ய வேண்டும். இறக்குமதி செய்பவரின் முகவரி இல்லாத பெட்டியைக் கடையில் வைக்கவே விடக்கூடாது. இதை இணையம் தெரிந்த இளைஞர்களுக்காகக் கேட்கவில்லை; அவர்கள் எப்படியும் விசாரித்து வாங்குவார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பேரக்குழந்தைகளின் முகம் பார்க்க ஒரு பெட்டி வாங்கும் எங்களைப் போன்றவர்கள் இந்த நகரத்தில் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறோம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்த வாசகருக்கு அளித்த பதிலைத் திருத்தி மீண்டும் வெளியிடுங்கள். இலவச வி.பி.என். என்ற சொல்லை நீக்குங்கள். கூகுளின் சான்று பெற்ற பெட்டியா என்று பிளே ஸ்டோரின் அமைப்புகளில் பார்க்கலாம் என்பதையும், டி.வி. உலாவியில் வங்கிக் கணக்கைத் திறக்கக்கூடாது என்பதையும் நாலு வரி கூடுதலாகப் போடுங்கள். இடம் இல்லையென்றால் என் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். அந்த நாலு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆசிரியை அம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது உடனே பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு பெட்டிகளும் இப்போது எங்கள் பரணில், வயரை வெட்டிய நிலையில் இருக்கின்றன. மாநகராட்சியின் மின்னணுக் கழிவு சேகரிப்பில் கொடுக்க வைத்திருக்கிறேன். தரைத்தளத்துத் தம்பி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. படம் நன்றாகத்தானே வருகிறது சார், குழந்தைகள் கார்ட்டூன் பார்க்கிறார்கள் என்கிறான். நான் சொல்லித்தான் அவன் வாங்கினான். இப்போது நான் சொல்லி அவன் கேட்கவில்லை. மூன்று முறை போய்விட்டேன். இரவு வாயில் கதவைப் பூட்ட நான்தான் கீழே இறங்குவேன். அவர்கள் வீட்டு மோடம் சன்னல் ஓரத்தில் இருக்கிறது. விளக்குகள் எல்லாம் அணைந்து, குழந்தைகள் தூங்கிய பிறகும், கம்பிகளுக்குப் பின்னால் அந்தப் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வுபெற்ற ஊழியர்,
பெரம்பூர், சென்னை.